நம்ம கிரவுண்டில் அவர்கள் மேளம்: வியாசர்பாடி அரையிறுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில் எங்கள் மன்றம் ஒவ்வொரு மே மாதமும் கால்பந்துப் போட்டி நடத்துகிறது. 16 அணிகள் ஆடும். கடைசி நான்கு அணிகளின் ஆட்டங்களைப் போஸ்டரில் 'பிளே-ஆஃப்' என்றே போடுவோம். பெயர் பெரிதாக இருந்தாலும் கூட்டம் எல்லாம் ஏரியா ஜனங்கள்தான். விளையாடும் பையனின் அம்மா, அவன் தெருவில் இஸ்திரி போடுகிறவர், அவனுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த டீச்சர், இப்படிப்பட்டவர்கள். இங்கே கால்பந்து எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல் போதும். 2018 மார்ச் 13 அன்று நேரு ஸ்டேடியத்தில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதியில் கோவாவைச் சென்னையின் எஃப்.சி. 3-0 என்று வென்றது. அதில் ஒரு கோல் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் தலையால் முட்டியது. அந்த ராத்திரி எங்கள் தெருக்களில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

இந்த ஆய்வு இரண்டு மே மாதங்களைப் பற்றியது. முதல் வருடம் வரை எங்கள் போட்டிக்கு டிக்கெட் கிடையாது. அந்த வருடம் பரிசுத் தொகையை உயர்த்தியிருந்தோம். ஃபிளட்லைட் வாடகை, ஜெனரேட்டர் டீசல், நடுவர்களுக்கான பணம் எல்லாம் சேர்ந்து கையைக் கடித்தது. அதனால் அரையிறுதியிலிருந்து மட்டும் மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து, கிழக்கிலும் மேற்கிலும் சவுக்குக் கட்டையில் கேலரி கட்டினோம். ஒரு பக்கத்துக்கு 200 பேர், ஆக மொத்தம் 400 பேர். டிக்கெட் ஐம்பது ரூபாய். இதைக் குழுவில் யாரும் எதிர்க்கவில்லை. நானும்தான். டிக்கெட் போட்டால் என்னென்ன கூடவே வரும் என்று யோசித்த ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை.

அரையிறுதியில் எங்கள் மன்ற அணிக்கு எதிராக வந்தது கடற்கரைப் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றின் அணி. நல்ல அணி. வேகமான பையன்கள்.

டிக்கெட் எப்படிப் போனது

ஆட்டம் சனிக்கிழமை மாலை. டிக்கெட்டை புதன்கிழமை காலை பத்து மணிக்கு மைதானத்து எதிரில் உள்ள டீக்கடையில் வைத்து விற்க ஆரம்பித்தோம். நடந்த அத்தனைக்கும் வேர் இந்த நேரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஏரியாவில் யார் வீட்டில் இருப்பார்கள்? ஆண்கள் மணலிப் பக்கம் கம்பெனிக்கோ, துறைமுகத்துக்கோ, கோயம்பேட்டுக்கு லோடு இறக்கவோ போயிருப்பார்கள். பெண்களில் பாதிப் பேர் கீழ்ப்பாக்கம், புரசைவாக்கம் வீடுகளில் வேலையில் இருப்பார்கள். கடற்கரையிலோ அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்கள் அணி முதல் தடவையாகக் கடைசி நான்கில் வந்திருக்கிறது. ஊரில் பணம் வசூல் செய்து, நான்கைந்து பேர் பைக்கில் வந்து டீக்கடை வாசலில் எட்டரை மணிக்கே நின்றுவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வாங்கக் கூடாது என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஒருவருக்கு இத்தனைதான் என்ற கணக்கும் இல்லை.

அன்று கவுன்டரில் போனது பாதிதான். மீதியை எங்கள் மன்றத்துப் பையன்களிடம் ஆளுக்குப் பத்து பத்தாகக் கொடுத்து, தெருவில் விற்றுப் பணத்தைக் கட்டச் சொன்னோம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாப் பணமும் வந்துவிட்டது. "சூப்பர்டா, ஹவுஸ்ஃபுல்" என்று சொல்லிப் பொருளாளர் தட்டிக்கொடுத்தார். அந்த டிக்கெட் தெருவுக்குள் போகவே இல்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை இரவே ஐம்பது ரூபாய் டிக்கெட் 150-க்கும், வெள்ளிக்கிழமை 300-க்கும் பிளாக்கில் போயிருக்கிறது.

ஆட்ட நாள்

ஆறரை மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே மூன்று டாட்டா ஏஸ் வண்டிகளில் மேளமும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பைக்குகள். ஐந்தரை மணிக்குக் கிழக்கு கேலரி முழுக்க அவர்களின் நீல ஜெர்சி. அது பரவாயில்லை, அந்தப் பக்கம் அவர்களுக்கு என்று நாங்களே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தோம். ஆறு மணிக்கு மேற்கு கேலரியைப் பார்த்தேன். அங்கேயும் பாதிக்குப் பாதி நீலம்.

எங்கள் ஜனம் தகரத்துக்கு வெளியே நின்றது. வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், டிபன் பாக்ஸ் பை தோளில் தொங்க நின்றார்கள். டோலக் வாசிக்கும் எங்கள் கானாப் பையன்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் இருந்தது, டோலக் வெளியே இருந்த பையனிடம் மாட்டிக்கொண்டது. எங்கள் கோல்கீப்பரின் அம்மா கேட்டில் என்னைப் பார்த்து, "தம்பி, எம்புள்ள ஆட்றத பாக்க நானு முந்நூறு ரூபா குடுக்கணுமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவரைக் கூட்டிப்போய் சப்ஸ்டிட்யூட் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தேன்.

ஆட்டத்தில் நான் கவனித்தவற்றைக் குறித்துவைத்திருக்கிறேன். முதல் பாதியில் எங்கள் இடது பேக், அதாவது இடது ஓரத்தைத் தடுக்கும் பையன், கிழக்குப் பக்கம் ஆடினான். 18 வயது. ஒவ்வொரு த்ரோவுக்கும், அதாவது கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிய, அவன் கேலரிக்கு ஐந்தடி தூரத்தில் நிற்க வேண்டும். பந்தைக் கையில் எடுத்த நொடியில் 200 பேர் ஒரே குரலில் 'ஊ' என்று இழுப்பார்கள். முதல் த்ரோவை ஒழுங்காகப் போட்டான். மூன்றாவது த்ரோவில் யாருக்குப் போடுவது என்று தேடவே இல்லை, கையிலிருந்து போனால் போதும் என்று வீசினான். அதற்குப் பிறகு கேப்டனே ஓடிவந்து த்ரோ போட ஆரம்பித்தான். அதனால் நடுவில் ஒரு ஆள் குறைந்தது. இரண்டாம் பாதியில் அந்த ஓட்டை வழியாகத்தான் அவர்களின் முதல் கோல் வந்தது. நாங்கள் ஒரு கோல் திருப்பியபோது மைதானத்துக்கு உள்ளே வந்த சத்தத்தைவிட தகரத்துக்கு வெளியே வந்த சத்தம் அதிகம். 2-1 என்று தோற்றோம்.

கூட்டத்தால்தான் தோற்றோம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் பாதியில் அவர்கள் நன்றாக ஆடினார்கள். யாரும் கல் எறியவில்லை, யாரையும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சொந்த மைதானத்தில் ஆடும் பையனுக்குக் கிடைக்க வேண்டிய தெம்பு அன்று எங்கள் பையன்களுக்குக் கிடைக்கவில்லை. கொரோனா காலத்தில் ஆளில்லாத ஸ்டேடியங்களில் ஐரோப்பிய லீக்குகள் நடந்தபோது சொந்த ஊர் அணிகளின் வெற்றி குறைந்ததும், வெளியூர் அணிகளுக்கு நடுவர்கள் மஞ்சள் அட்டை காட்டுவது குறைந்ததும் ஆய்வுகளில் வந்திருக்கின்றன. கேலரி என்பது வேடிக்கை பார்ப்பவர்களின் இடம் மட்டும் இல்லை.

கேட்டில் எடுத்த முடிவு

இடைவேளையில் வெளியே நின்ற கூட்டம் கேட்டைத் தள்ள ஆரம்பித்தது. "நம்ம கிரவுண்டு, நம்ம பசங்க, தொறங்கடா" என்று சத்தம். குழுவில் மூன்று பேர் திறந்துவிடலாம் என்றார்கள். கேலரி கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இருநூறு பேர் குந்தலாம்னு கட்டிருக்கேன்ணா. அவனுங்க எழுந்து குதிக்கிறதுக்கே கயிறு நெகிழுது. இன்னும் ஏத்தாத" என்றார். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. கேலரியில் ஒருவரைக்கூடக் கூடுதலாக ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆனால் கேட்டை மொத்தமாக அடைத்து வைத்தால் தள்ளுமுள்ளில் யாராவது விழுவார்கள். அதனால் தெற்கு கோலுக்குப் பின்னால் பத்தடி விட்டுக் கயிறு கட்டி, பெண்களையும் சின்னப் பசங்களையும் மட்டும் தரையில் உட்காரவிட்டோம். டிக்கெட் கேட்கவில்லை. இது பாதிதான் சரியாக வந்தது. பசங்க கயிற்றுக்குக் கீழே நுழைந்து கோட்டுக்கே வந்துவிட்டார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், பத்து நிமிஷம் போனது. எதிரணி மேனேஜர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார், அது நியாயமான ஆட்சேபம். ஜெயித்ததும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடிக்கட்டையில் கிடைத்தது

ஞாயிறு காலை கூடினோம். முதல் அரை மணி நேரம் கடற்கரைக்காரர்களைத் திட்டுவதிலேயே போனது. அப்புறம் பொருளாளர் கேட்டில் கிழித்த டிக்கெட்டுகளையும் அடிக்கட்டைகளையும் மேசையில் கொட்டினார். எந்தப் பையனிடம் எந்த எண்கள் கொடுத்தோம் என்பது நோட்டில் இருந்தது. மேற்கு கேலரியில் கிழித்த துண்டுகளை எண் வாரியாகப் பிரித்தபோது, நீல ஜெர்சிக்காரர்கள் உட்கார்ந்த வரிசைகளில் பெரும்பாலானவை எங்கள் பையன்கள் கையில் இருந்து போன எண்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அப்போதுதான் அமைதியானார்கள்.

பையன்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். யாரும் மறைக்கவில்லை. 17 வயதுப் பையன் ஒருவன் பத்து டிக்கெட்டையும் 150 ரூபாய் வீதம் ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கிறான். மன்றத்துக்கு 500 கட்டிவிட்டு மீதி ஆயிரத்தில் ஸ்டட்ஸ் (கால்பந்து ஷூ) வாங்கியிருக்கிறான். அதுவரை அவன் அண்ணனின் பழைய ஜோடியை முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஆடினான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். புது ஸ்டட்ஸைக் காலில் போட்டுக்கொண்டேதான் என் முன்னால் நின்றான். "தப்புன்னு தெர்லண்ணா. டிக்கெட் வித்தாச்சு, பணம் கட்டியாச்சு, அவ்ளோதான்னு நெனச்சேன்" என்றான். நாங்கள் அவனிடம் சொன்னதும் அவ்வளவுதானே?

இன்னொரு விஷயமும் தெரிந்தது. நான்கு டிக்கெட் எங்கள் தெரு அக்கா ஒருவர் வாங்கியது. அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்தக் குப்பத்தில்தான். மாப்பிள்ளையின் தம்பிகளுக்குக் கொடுத்திருக்கிறார், ஒரு பைசா கூடுதலாக வாங்கவில்லை. இதைப் பிளாக் என்று சொல்ல முடியாது. வடசென்னையில் எதிரணி ரசிகர் என்பவர் பல நேரம் சம்பந்தி வீட்டு ஆள்தான். நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும்போது மஞ்சள் ஜெர்சியில் வருபவர்களிலும் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குபவர்கள் ஒரு பக்கம், இதே ஊரில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம்.

பெரிய இடங்களிலும் கதை இதுதான். 2022 ஏப்ரல் 14 அன்று பார்சிலோனாவின் சொந்த ஸ்டேடியமான கேம்ப் நோவில் ஐரோப்பா லீக் காலிறுதி. எதிரணியான ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்களுக்கு ஒதுக்கியது சுமார் 5,000 இடம். உள்ளே வந்தவர்கள் சுமார் 30,000 பேர். ஃபிராங்க்ஃபர்ட் 3-2 என்று வென்றது. சொந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்த டிக்கெட்டுகளும் மறுவிற்பனையில் ஜெர்மானியர்களிடம் போயிருந்தன. அதற்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிகளுக்குப் பெயர் போட்ட டிக்கெட் கொண்டுவருவதாகப் பார்சிலோனா அறிவித்தது. அங்கே எண்ணிக்கை ஆயிரத்தில், இங்கே நூறில்.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த முடிவுகள்

இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறு. கடற்கரை அணியும் பெரம்பூர்ப் பக்கத்து அணி ஒன்றும் மோதின. கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன.

விலையை 150 ஆக்கிவிடலாம், பிளாக்கில் போகிற பணம் மன்றத்துக்கே வரட்டும் என்றார் ஒருவர். கணக்குப்படி சரி. ஆனால் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் வந்தால் 600 ரூபாய், அது இங்கே ஒரு நாள் கூலி. வெளியே நின்றவர்களை நிரந்தரமாக வெளியே நிறுத்த நாங்களே வழி செய்தது போல் ஆகும். மறுத்தோம்.

ஆதார் பார்த்து, ஏரியா விலாசம் உள்ளவர்களுக்கு மட்டும் விற்கலாம் என்பது இரண்டாவது. இதற்கு நிறைய ஆதரவு இருந்தது. நான் எதிர்த்தேன். 2022 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தில் (அது நம்ம கால்பந்து இல்லை, வேறு ஆட்டம்) என்.எஃப்.சி. என்ற பிரிவின் இறுதிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி இதையே செய்து பார்த்தது. எதிரணியான சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர்கள் வராமல் இருக்க, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார விலாசம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று விற்பனையைத் தொடங்கிப் பிறகு அதைக் கைவிட்டது. ஜனவரி 30 அன்று ஸ்டேடியத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சிவப்புச் சட்டை நிறையவே இருந்தது. விலாசம் முதல் கையைத்தான் பார்க்கும், இரண்டாவது கையைப் பார்க்காது. எங்கள் 17 வயதுப் பையனின் ஆதாரில் எங்கள் தெரு விலாசம்தான் இருக்கிறது. (அந்த ஆட்டத்தில் ராம்ஸ் 20-17 என்று வென்றது என்பதையும் சொல்ல வேண்டும்.)

மூன்றாவது யோசனை டீக்கடைக்காரர் சொன்னது. "வர்றவனுக்கு நீயே குடுத்துடு, அப்புறம் அவன் எதுக்கு பிளாக்ல வாங்கப் போறான்?" இதை எடுத்துக்கொண்டோம். இரண்டு அணிகளுக்கும் தலா 100 டிக்கெட்டை, கூடுதல் விலை இல்லாமல், அவர்கள் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். மீதி 200 எங்கள் ஏரியாவுக்கு. அதை இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை மட்டும் விற்றோம், ஆளுக்கு இரண்டு. பையன்களிடம் கட்டாகக் கொடுப்பதை நிறுத்தினோம். யார் மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. விதியே இல்லாமல் விட்டவர்கள் நாங்கள்.

இறுதி ஆட்டத்தில் பிளாக் விலை 80 ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் எங்கள் அணி ஆடாத ஆட்டம் அது, அதனால் இதை வைத்து ஏற்பாடு வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

அடுத்த மே

மறு வருடம் எங்கள் அணி மறுபடி அரையிறுதிக்கு வந்தது. எதிரணி எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. இந்த முறை ஒரு விஷயம் சேர்த்தோம். ஆட்ட நாள் மாலை ஆறு மணி வரை, வர முடியாதவர்கள் டிக்கெட்டை டீக்கடையில் திருப்பிக் கொடுத்து ஐம்பது ரூபாயை வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்த டிக்கெட்டை அங்கேயே கேட்டில் நிற்பவருக்கு அதே விலையில் கொடுத்தோம். அந்த மேசையில் உட்கார வைத்தது ஸ்டட்ஸ் வாங்கிய பையனை. யார் எதற்கு விற்பார்கள் என்று எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். மாலை வரை முப்பதுக்கும் மேல் திரும்பி வந்தது. டபுள் ஷிப்ட் மாட்டிக்கொண்டவர், குழந்தைக்குக் காய்ச்சல் என்றவர், இப்படி. போன வருடம் இந்த முப்பதும் பிளாக்குக்குத்தான் போயிருக்கும்.

கிழக்கு கேலரியில் எதிரணி 100 பேர், அவர்களின் மேளத்தோடு. மற்ற இடங்களில் கணிசமாக எங்கள் ஜனம். மேற்கு கேலரியில் நான்கைந்து வரிசை அப்போதும் கலந்துதான் இருந்தது, அதற்காக யாரையும் எழுப்பவில்லை. டோலக் உள்ளே வந்தது. அதே இடது பேக், இப்போது 19 வயது. முதல் த்ரோவுக்குக் கிழக்கில் 'ஊ' எழுந்ததும் மேற்கிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் பந்தைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, ஆளைத் தேடி, பார்த்துப் போட்டான். ஆட்டம் 1-1, பெனால்டியில் தோற்றோம். கோல்கீப்பரின் அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார், அவர் வாங்கிய டிக்கெட்டில்.

குறைகளும் இருந்தன. இரவு விற்பனையில் வரிசை பதினொரு மணி வரை நீண்டது, வயதானவர்கள் நிற்க முடியாமல் திரும்பிப் போனார்கள். நைட் ஷிப்ட்காரர்களுக்கு எட்டு மணி விற்பனை ஒன்றுக்கும் உதவவில்லை. ஆளுக்கு இரண்டு என்ற கணக்கு ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் போதவில்லை, ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

வரும் மே மாதத்துக்கு விற்பனையை இரண்டு நேரமாகப் பிரிக்கிறோம், காலை ஆறு முதல் ஏழு வரை ஒன்று, இரவு ஒன்று. நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்குக் காலை நேரம் சரிப்படும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தெருப் பெண்கள் குழுவே டிக்கெட்டை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோலுக்குப் பின்னால் தரையில் உட்காரும் இடத்தைக் கயிறு கட்டி ஒப்பேற்றாமல் மூங்கில் தடுப்போடு முதலிலேயே அமைத்து, சின்னப் பசங்களுக்கு இலவசமாக விடப்போகிறோம். கேலரி எடையைப் பற்றி மேஸ்திரியிடம் எழுத்தில் வாங்கிக் கேட்டில் ஒட்ட வேண்டும், முதல் வருடமே செய்திருக்க வேண்டியது.

ஜூனியர் பையன்களுக்கு ஸ்டட்ஸ் வாங்கப் போட்டிப் பணத்தில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறேன். பொருளாளர் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அளவு எடுத்தாயிற்று, பதினோரு ஜோடி வேண்டும்.